தொட்டி கழுவிய தண்ணீர்

ஹவ்வா உம்மா தன் மருமகனோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. கோபதாபம் ஒன்றுமில்லை. சாய்ந்தமருதில் மரியாதையான மாமிமார் அப்படித்தான் இருந்தார்கள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார்கள், மகள் அதைக் கொண்டுபோய் மருமகனிடம் சேர்ப்பாள். "சோறு போடவா எண்டு கேளு மகள்" என்று குசினிக்குள் இருந்து ஹவ்வா உம்மா குரல் கொடுத்தால், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பளீலுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் றாபியா வந்து "சோறு போடவாமா?" என்று கேட்கும் வரை அவன் வாய் திறக்க மாட்டான்.

மகள் வீட்டில் இருக்கும் வரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்விடும் காலை வேளைகளில்தான் சிக்கல். அப்போது ஹவ்வா உம்மா கோழியோடு பேசுவார். "ஏய் கோழி, இந்த வெயிலுக்குள்ள நிண்டு நெல்லுக் கிளறினா மண்டை இடிக்காதா? ஒரு தொப்பியப் போட்டா என்ன?" என்பார். கோழியிடம் தொப்பி இல்லை என்பது பளீலுக்குத் தெரியும். போய் எடுத்துப் போட்டுக்கொள்வான்.

வீடு றாபியாவுக்குச் சீதனமாக எழுதியாகிவிட்டது. பின்னால் இருந்த நெல் அவிக்கும் வளவு மட்டும் இன்னும் ஹவ்வா உம்மாவின் ராச்சியம். ஊரார் கொண்டுவந்து இறக்கும் நெல் அங்கே சீமெந்துத் தொட்டிகளில் ஊறி, பரல் என்னும் இரும்புப் பீப்பாய்களில் அவிந்து, தளத்தில் காய்ந்து ஆலைக்குப் போகும். புருசன் மவுத்தான பிறகு மகளைப் படிப்பித்து, கட்டிக்கொடுத்து, யாரிடமும் கையேந்தாமல் அவர் நிமிர்ந்து நின்றது இந்த வளவால்தான்.

அந்த வளவுக்கு ஒரேயொரு வியாதி இருந்தது. நெல் ஊறி வடித்த தண்ணீர். அது பின்வேலி ஓரம் தேங்கி அழுகும்போது கிளம்பும் வாடையைச் சாய்ந்தமருதில் தெரியாத மூக்கு இல்லை. கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் அது வேறெங்கும் போகாது. நேரே வேலிக்கு அப்பால் இருந்த பள்ளிவாசலுக்குள் நுழைந்துவிடும். போன நோன்பில் பின்வரிசையில் நின்றவர்கள் சால்வைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொழுதார்கள். பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மீராசாஹிபு மரைக்கார் பெருநாள் கழிந்த கையோடு வளவுக்கு வந்தார்.

"மறு நோன்புக்குத் தலைப்பிறை காணுறதுக்குள்ள இந்த நாத்தத்துக்கு ஒரு வழி பாருங்க. இல்லாட்டி வளவ மூடத்தான் வேணும். என்னால ஊருக்குப் பதில் சொல்ல ஏலாது" என்றார். கதவு மறைவில் நின்று கேட்ட ஹவ்வா உம்மா அன்றிரவே அதை மகளிடம் சொன்னார்.

வழி பார்த்தவன் பளீல். அவன் மருதமுனைக்காரன், தறிச்சத்தத்தில் பிறந்தவன். ஆனால் தறியில் ஒழுங்காக உட்காராமல் கண்ட கண்ட வேலையிலெல்லாம் மூக்கை நுழைக்கிற சாதி. காரைதீவில் மாடு வளர்க்கும் சீனித்தம்பி, சாணத்தை ஒரு குழியில் அடைத்து அதிலிருந்து வரும் காஸில் சமைப்பதைப் பார்த்துவிட்டு வந்தான். நெல் ஊறிய தண்ணீருக்கும் அதே வித்தை சரிவரும் என்று றாபியாவிடம் ஒற்றைக்காலில் நின்றான். செங்கல்லால் கட்டி, கவிழ்த்த பானை மாதிரி மூடி, முக்கால்வாசி மண்ணுக்குள் புதைந்த குழி ஒன்று வளவின் மூலையில் எழும்பியது. தொட்டித் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஒரு பக்கம் உள்ளே போகும், மறுபக்கம் வெளியே வரும். நடுவில் காற்றுக்கு இடமே கிடையாது. சீனித்தம்பியின் குழியில் இருந்து கறுத்த சேறு இரண்டு பரல் கொண்டுவந்து அதற்குள் ஊற்றினான். தோசை மாவுக்குப் பழைய மாவு விடுகிற மாதிரி என்று ஹவ்வா உம்மா நினைத்துக்கொண்டார்.

அந்தக் குழி வேலை செய்தது. வெளியே வந்த தண்ணீரில் வாடை முக்கால்வாசி செத்திருந்தது. அதோடு ஒரு குழாய் வழியாகக் குசினிக்குள் நீலமாக நெருப்பு வந்தது. "அழுகல்ல வந்த நெருப்புல எனக்குத் தேத்தண்ணி வேணாம்" என்று ஹவ்வா உம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உமி அடுப்பின் புகையில் கண்ணைக் கசக்கிக் கசக்கி இருந்தவருக்கு அந்த வீம்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்? கொஞ்ச நாளிலேயே அவரே அயலாட்களைக் கூட்டிவந்து நெருப்பைக் காட்டினார். மருமகனின் கெட்டித்தனத்தை ஊரெல்லாம் பேசினார். மருமகனிடம்தான் பேசவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நாய் வந்தது.

நோன்புக்கு இன்னும் ஒரு மாதம் அளவில் இருந்த ஒரு காலை நேரம். றாபியா பள்ளிக்கூடத்தில், பளீல் சந்தையில். வடித்த தொட்டி ஒன்றின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஹவ்வா உம்மா எட்டிப் பார்த்தபோது தெருநாய் ஒன்று அதற்குள் இறங்கி நின்று சப்புச் சப்பென்று நக்கிக்கொண்டிருந்தது. நாயைத் துரத்தினார். அடுத்து ஓடிப்போய்ப் படலையைச் சாத்தினார். நாய் வாய் வைத்த தொட்டி என்று ஒரு வாய் சொன்னால் போதும், ஊரில் ஒருத்தரும் இந்த வளவுக்கு நெல் கொண்டுவர மாட்டார்கள்.

நாய் வாய் வைத்ததை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்து. ஹவ்வா உம்மா அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. தோள்மூட்டு கழன்றுவிடும் போல் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினார். மார்க்கம் அதோடு போதும் என்றது. ஆனால் அவருடைய மனம் போதும் என்று சொல்லவில்லை. சூறாவளி அடித்த வருடம் கிணறுகளுக்குப் போடச் சொல்லிக் கொடுத்த பிளீச்சிங் பவுடர் ஒரு தகரப் பேணி நிறையக் குசினி மூலையில் கிடந்தது. இறுக்கி மூடி வைத்திருந்ததால் திறந்த உடனேயே கண்ணை எரித்தது. முழுப் பேணியையும் கரைத்துத் தொட்டியின் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, அடைப்பைப் பிடுங்கிவிட்டார். தொட்டி வெள்ளை வெளேரென்று பளபளத்தது. அந்தத் தண்ணீர் எந்த வாய்க்காலில் ஓடி எங்கே போய் விழுகிறது என்று அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நாயைப் பற்றி மகளிடமும் மூச்சு விடவில்லை.

கொஞ்ச நாளில் குசினி நெருப்பு சிறுத்தது. பிறகு பக்பக்கென்று துடித்தது. பிறகு நெருப்புக்குச்சிதான் எரிந்தது, குழாய் எரியவில்லை. வெளியே வந்த தண்ணீரின் நாற்றமோ பழைய நாற்றத்துக்கு அண்ணன். அழுகலோடு இப்போது காடிப் புளிப்பும் சேர்ந்துகொண்டது.

பளீல் செவ்வரத்தம்பூவைக் கசக்கிக் கடதாசியில் தடவிக் காயவைத்து, அதைக் குழித் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பார்த்தான். ஒவ்வொரு தரமும் கடதாசி சிவந்தது. புளிப்பு ஏறுகிறது என்று தலையில் கைவைத்தான். சுண்ணாம்பு கரைத்து ஊற்றினான், இரண்டு நாள் பொறுத்துத் திரும்பவும் சிவந்தது. ஹவ்வா உம்மாவின் செவ்வரத்தை மரம் மொட்டையாகிப் போனது. அதைவிட அவரை வருத்தியது மருமகனின் முகம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாதியில் கை கழுவினான். அவனுக்குப் பிடித்த சூரைமீன் ஆணத்தை மகளிடம் கொடுத்தனுப்பினார். அதுவும் பாதியோடு திரும்பி வந்தது.

ஜும்ஆ முடிந்து மரைக்கார் வேலியோரம் வந்து நின்றார். "பளீல், நான் குறை சொல்ல வரல்ல. ஆனா நோன்புக்கு இன்னும் ரெண்டு கிழமதான் கிடக்கு. மத்த நாத்தத்தையாவது தாங்கிட்டு இருந்தம். இது குடலப் பிரட்டுது." அவன் தலையைக் குனிந்துகொண்டே, "பாக்கன், மரைக்கார்" என்றான். அந்தக் குரலைக் கேட்டபோது ஹவ்வா உம்மாவுக்கு நெஞ்சு கரைந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, றாபியா பள்ளிக்கூடம் போன பிறகு, மேசன் ஹமீட் குழியை உடைக்க இரும்பு அலவாங்கோடு வந்து இறங்கினான். மரைக்காரும் என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் பின்னாலேயே வந்தார். குசினி யன்னலுக்கு உள்ளே சுளகைக் கையில் வைத்துக்கொண்டு ஹவ்வா உம்மா காதைத் தீட்டினார்.

"எதுக்கு உடைக்கிற? நான் கட்டின கட்டு. ஒரு வெடிப்பும் இரிக்காது" என்றான் ஹமீட். அவனுக்குத் தன் வேலையைக் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"வெளிய தெரியாது ஹமீட். உள்ளால காத்துப் போகுது. அதான் அதுகள் செத்துப் போச்சு."

"எதுகள்?"

"உள்ள இரிக்கிற உசிருகள். கண்ணுக்குத் தெரியாத சீவன்." பளீல் குழியின் மேல் உட்கார்ந்தான். "ரெண்டு கூட்டம். முதல் கூட்டம் நெல்லுத் தண்ணில இரிக்கிற மாவத் திண்டு புளிப்பாக்கும். மத்தக் கூட்டம் அந்தப் புளிப்பத் திண்டு காஸாக்கும். முதல் கூட்டத்துக்கு என்ன வந்தாலும் கெதியாப் பெருகிரும். மத்தது அப்பிடியில்ல. காத்துப் பட்டாலே செத்திரும், செத்தா லேசுல பெருகாது. அப்ப புளிப்பாக்க ஆள் இரிக்கி, திண்ண ஆளில்ல. அதான் இந்த நாத்தம்."

மரைக்கார் கேட்டார்: "காத்துத்தான் எண்டு எப்பிடித் தெரியும்? வேற என்னவும் உள்ள போயிரிக்கும்."

"புதுசா ஒண்டும் போகல்ல மரைக்கார். அதே நெல்லு, அதே தண்ணி. பிளீச்சிங் பவுடர் மாதிரி மருந்து என்னவும் போனா முடிஞ்சிதான், ஆனா அத ஆரு இதுக்குள்ள ஊத்தப் போறாங்க? காத்துத்தான். உடைச்சி வெடிப்பப் பாக்கணும்."

"உடைச்சா நோன்புக்கு முந்தித் திருப்பிக் கட்டி முடிக்கலாமா?"

"ஏலாது" என்றான் பளீல். "வளவ மூடத்தான் வரும். வேற என்ன செய்யிற?"

சுளகு ஹவ்வா உம்மாவின் கையில் இருந்து நழுவி விழுந்தது. உள்ளே இருந்தவை உயிர்கள். அவரோ அவற்றை அழுகல் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்! ஒரு பேணி பிளீச்சிங் பவுடரை அந்த அப்பாவிச் சீவன்களின் தலையில் தானே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். குழி வெடிக்கவில்லை. அவன் இல்லாத வெடிப்பைத் தேடி நல்ல குழியை உடைக்கப் போகிறான். சொன்னால் குழி தப்பும். சொன்னால் நாய்க் கதையும் வெளியே வரும், அதுவும் பள்ளி மரைக்காருக்கு முன்னால், ஊரெல்லாம் வீடு வீடாகப் போய் வேலை செய்யும் மேசனுக்கு முன்னால். றாபியா வர மத்தியானம் ஆகும். அலவாங்கோ ஹமீட்டின் கையில் ஏறிவிட்டது.

ஹவ்வா உம்மா பின்கதவைத் திறந்து கோழியைத் தேடினார்.

"ஏய் கோழி!" என்றார், வழக்கத்தைவிட உரத்த குரலில். "அவசரப்படப் போடாது! நல்ல பானைய உடைக்கப் போடாது!"

பளீல் திரும்பிப் பார்த்தான். கோழியையும் பார்த்தான். ஏதோ பானையைத் தட்டிவிட்டதாக்கும் என்று, "சூ!" என்று அதைத் துரத்திவிட்டான். நல்ல உதவி. ஹவ்வா உம்மாவுக்கு இப்போது பேசக் கோழியும் இல்லை. ஹமீட் கால்களை அகட்டி நின்று அலவாங்கை ஓங்கினான்.

"மகன்! உடைக்க வேணாம்!"

மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். முக்காட்டை இழுத்துவிட்டபடி ஹவ்வா உம்மா வாசலைத் தாண்டி வெயிலுக்குள் வந்தார். தொடங்கிய பிறகு வாய் நிற்கவில்லை.

"குழியில ஒரு வெடிப்பும் இல்ல மகன். நான்தான். தொட்டில நாய் வாய் வெச்சிட்டு. ஏழு தரம் கழுவினன், மண்ணும் போட்டன். மறுகாவும் மனசு கேக்கல்ல. சூறாவளிக்குத் தந்த பிளீச்சிங் பவுடர் ஒரு பேணி கிடந்திச்சி. அம்புட்டையும் கரைச்சி ஊத்திட்டன். அது இதுக்குள்ளதான் வந்திரிக்கும். உள்ள சீவன் இரிக்கி எண்டு அல்லாஹ்வுக்காக எனக்குத் தெரியாது."

பளீலின் முகம் ஒருமாதிரிக் கோணியது. அழப் போகிறான் என்று ஹவ்வா உம்மா பயந்தார். அவன் குழியின் மேல் பொத்தென்று உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான்.

"அப்ப கட்டு நல்லாத்தான் இரிக்கி, மாமி!" என்றான். கலியாணம் முடித்த நாளில் இருந்து அவன் அவரிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை அதுதான். "நான் பத்து நாளாத் தலையப் பிச்சிக்கிட்டு இரிக்கன்! மருந்து பட்டுச் செத்ததெண்டா லேசு மாமி. அதுட வீரியம் இதுக்குள்ள முறிஞ்சிரிக்கும். புதுச் சேறு கொண்டுவந்து விட்டாச் சரி!"

"நான் சொன்னன்தானே கட்டுல பிழையில்ல எண்டு" என்றான் ஹமீட். அவனுக்கு நாயும் பெரிதாகப் படவில்லை, பவுடரும் பெரிதாகப் படவில்லை.

ஹவ்வா உம்மாவின் பார்வை மரைக்காரின் மேல் இருந்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டு தொட்டியின் பக்கம் நடந்தார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஏழு தரம்?"

"ஏழு தரம், மரைக்கார்."

"மண்ணோட?"

"மண்ணோட."

"அப்ப தொட்டி சுத்தம்தானே. இத என்னத்துக்கு ஒளிச்சி வெச்ச? ஊர்ல ஆருட தொட்டில நாய் வாய் வைக்கல்ல, ஆரு இப்பிடிக் கழுவின?" அவர் ஹமீட்டின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ஆரும் கேட்டா நான் சொன்னதாச் சொல்லு. என்ட வீட்டு நோன்புக் கஞ்சி அரிசிக்கு நெல்லு இந்தத் தொட்டிலதான் ஊறப் போகுது."

ஹவ்வா உம்மா முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல நாளாக நெஞ்சில் கிடந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி அப்பால் வைத்தது போல் இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். போதாது போலிருந்ததால் இன்னும் ஒரு தரம் சொன்னார்.

அன்று பின்னேரமே காரைதீவில் இருந்து மாட்டுவண்டி வந்தது. வாயில் ஈரச்சாக்குக் கட்டிய பரல்களில் சேறு. "காத்துப் படாமக் கொண்டு போங்க தம்பி, நம்மட பிள்ளையள் காத்துக்குப் பயம்" என்று சீனித்தம்பி சொல்லி அனுப்பியதாகப் பளீல் சிரித்தான். உள்ளே கிடந்த புளித்த தண்ணீரில் பாதியை வடித்து, தூரத்து வயல் மூலையில் குழி வெட்டிக் கொட்டி மூடினார்கள். புதுச் சேற்றை ஊற்றினார்கள். கொஞ்சம் சுண்ணாம்பும் விட்டார்கள். பிறகு பளீல் வாய்க்காலுக்கு மறிப்புப் போட்டான்.

"இனி அவசரப்படப் போடாது மாமி. பட்டினி கிடந்த ஆளுக்கு ஒரேயடியாச் சோறு போடுறதா? நாளைக்கு ஒரு வாளித் தண்ணி. மறுகா ரெண்டு."

"அந்த ஒரு வாளிய நான் ஊத்துறன்" என்றார் ஹவ்வா உம்மா.

அவரே ஊற்றினார். ஒவ்வொரு நாள் காலையும் சுபஹு தொழுத கையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போய், உள்ளே நோயாளி படுத்திருப்பது போல் மெதுவாகச் சாய்த்தார். தொட்டியைக் கழுவும் தண்ணீருக்குத் தனி வாய்க்கால் வெட்டச் சொல்லி ஹமீட்டைப் பிடித்த பிடியில் நிறுத்தினார். செவ்வரத்தையில் புதுப் பூ விரிந்த அன்று தானே பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பளீல் கடதாசியைத் தோய்த்தான். அது சிவக்கவில்லை. மங்கிய ஊதாவில் அப்படியே நின்றது. மாமியும் மருமகனும் அந்தக் கடதாசித் துண்டைப் புதுக் குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தால் வந்த றாபியா வாசலில் நின்று, இது தன்னுடைய வீடுதானா என்று ஒரு தரம் யோசித்தாள்.

தலைப்பிறை காண்பதற்கு முந்திய நாள் கச்சான் காற்று பலமாக அடித்தது. வேலிக்கு அப்பால் மரைக்கார் பள்ளிவாசலில் நின்று மூக்கை நிமிர்த்தி இழுத்துப் பார்ப்பது வளவில் இருந்தே தெரிந்தது. இன்னொரு தரம் இழுத்தார். வளவைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

ஹவ்வா உம்மா குசினிக்குள் போய்க் குழாயைத் திருகி நெருப்புக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோனார். முதலில் ஒரு சீறல். பிறகு விரலளவில், நீலமாக, அது பற்றிக்கொண்டது. "உசிரோட இரிக்கிதுகள்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். கேத்தலை வைத்தார். தண்ணீர் கொதிக்கும் வரை கண்ணெடுக்காமல் அந்த நெருப்புக்கு முன்னாலேயே நின்றார்.

தேத்தண்ணி ஊற்றியாயிற்று. றாபியா பழக்கத்தில் எழும்பி, உம்மா சொல்லப் போவதைக் கொண்டுபோகத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஹவ்வா உம்மா மகளைத் தாண்டிக்கொண்டு கோப்பையோடு முன்னறைக்குள் போனார்.

"மகன், நம்மட நெருப்புல போட்ட தேத்தண்ணி. ஆறுறதுக்குள்ள குடிங்க."